பையில் ஆரணி, உள்ளே மசூரி

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்பது பட்டுச்சேலை, அடுத்தது அரிசி. பட்டைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பொன்னி அரிசி வந்த வழியைப் பார்ப்போம்.

பொன்னி என்பது காவிரியின் பெயர். நமக்கு வாய்த்ததோ கமண்டல நாகநதி. பல மாதம் மணல்தான், ஏரியும் கிணறுமே துணை. அந்த நெல்லும் காவிரிக்கரையில் பிறந்ததல்ல. தைவானின் தைச்சுங் 65, மலேயாவின் மயாங் எபோஸ் 80 இரண்டையும் கலந்து உருவாக்கிய மசூரி அது. மலேசியாவில் 1965இல் வெளியிட்டார்கள். இங்கே வந்து பொன்னி ஆயிற்று. வெள்ளைப் பொன்னியைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் தந்தது.

சோறு பூப்போல இருக்கும், சரி. பயிரிட்டவரைக் கேளுங்கள். 135, 140 நாள் காத்திருக்க வேண்டும். உயரமாக வளர்வதால், பால் பிடிக்கும் சமயம் கார்த்திகை மழையும் காற்றும் சேர்ந்தால் படுத்துவிடும். தண்ணீரில் கிடந்த நெல் நிறம் மாறும், விலை இறங்கும். அதனால் பலர் ஆந்திரா பொன்னிக்கு, அதாவது பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204க்கு மாறினார்கள். குட்டைப் பயிர், சாய்வது குறைவு. அதுவும் மசூரியின் வாரிசுதான். இன்னொரு மூதாதை நம் கிச்சிலிச் சம்பா!

ஆரணி, களம்பூர் ஆலைகளில் ஊறவைத்து, அவித்து, உலர்த்தி அரைத்தபின் பையில் ஊர்ப்பெயர் மட்டுமே நிற்கிறது. (ஆரணி ரோடு ரயில் நிலையம் இருப்பதே களம்பூரில்தான்!) ஆலைக்காரர்களின் கைப்பக்குவத்துக்கு அந்தப் பெயர் தகும். ஆனால் ஈர நெல்லை அறுத்த கையோடு விற்றுவிட்டுப் போன விவசாயிக்கு அந்தப் பெயரால் மூட்டைக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது? மார்க்கெட் கமிட்டியில் மூட்டையோடு காத்திருந்தவர்கள் சொல்லுங்களேன்.