ஆவாரம்பட்டையும் காவல் நொதிகளும்: பாலாற்றுத் தோல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வுமுறைக் கேள்வி

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் 'என்சைம்' என்ற சொல்லை உயிர்வேதியியல் படித்தவர்கள்தான் அறிவார்கள் என்பதில்லை. தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுபவருக்கும் அது பழகிய சொல். சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலின் சுண்ணாம்பைப் போக்கிய பிறகு, டிரம்முக்குள் ஒரு பொடி போடுகிறார்கள். 'பேட்டிங்' என்று அதற்குப் பெயர். ஒரு காலத்தில் இந்த வேலைக்கு நாயின் எச்சமும் புறா எச்சமும் பயன்பட்டன. 1908-இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அந்த இடத்தில் வைத்தார். வேலை முடிந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டாம். தோலின் முகத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார்கள். ரேகை அப்படியே பதிந்து நின்றால் பதம் சரி. நேரம் கூடினால் தோலின் முகம் தளர்ந்து சரக்கு வீணாகும்.

நொதி நல்லதா கெட்டதா என்று எந்தத் தோல் தொழிலாளியும் கேட்பதில்லை. எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்தத் தோலுக்கு என்றுதான் கேட்கிறார். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றில் உடலைக் காக்கும் நொதிகளைப் பற்றிய ஆய்வுகளும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். பெரும்பாலானவை அப்படித் தொடங்கவில்லை. நோயாளி ஐம்பது பேர், நலமானவர் ஐம்பது பேர், ஆளுக்கு ஒரு குழாய் ரத்தம், நோயாளிகளிடம் நொதி குறைவு, ஆகவே நொதிக் குறைவே நோய்க்குக் காரணம் என்று முடிகிற கட்டுரைகள் நம் பல்கலைக்கழகங்களில் குவிந்து கிடக்கின்றன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் வட்டாரத்தில் இந்த முறை செல்லாது என்பதே என் வாதம். இங்கே ஒருவரின் தொழிலையும் குடிநீரையும் கேட்காமல் நொதியை அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

முதலில் நொதிகளின் வேலை. செல் மூச்சுவிடும்போது கசியும் சூப்பராக்சைடை, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் இதை மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்துக் காட்டினார்கள். பெராக்சைடும் நஞ்சுதான். அதைத் தண்ணீராக்குவது கேட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும். ஆக, இவை சங்கிலியாக வேலை செய்பவை. முதல் கண்ணி மட்டும் வலுத்து அடுத்தது பின்தங்கினால் பெராக்சைடு தேங்கும். ரத்தக் குழாயின் சுவரில் நடப்பது வேறொரு சிக்கல். குழாயைத் தளரவைக்கும் நைட்ரிக் ஆக்சைடைச் சூப்பராக்சைடு பறித்துக்கொள்கிறது. குழாய் இறுகுகிறது, அழுத்தம் ஏறுகிறது. கணையத்தின் பீட்டா செல்களின் நிலை இன்னும் பரிதாபம். ஈரலோடு ஒப்பிட்டால் அவற்றில் கேட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் மிகச் சொற்பம் என்று லென்சன் குழுவினர் 1996-இல் சுண்டெலிகளில் காட்டினர். இன்சுலின் சுரக்கும் செல்லுக்கு இயற்கை வைத்த காவலே குறைவு.

காவல் குறைந்தால் நோய் வரும் என்பதற்கு மிக அழுத்தமான சான்று ஆய்வகத்திலிருந்து வரவில்லை. ஜப்பானின் ஒகயாமாவில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஷிகேயோ தகஹாரா, இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், வாயில் சதை அழுகிய ஒரு சிறுமிக்கு அறுவை செய்தார். புண்ணைக் கழுவ ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினார். பொங்கி நுரைத்திருக்க வேண்டும். நுரை வரவில்லை, ரத்தம் கருத்துப் போயிற்று. தவறான மருந்தை ஊற்றிவிட்டோமோ என்றுதான் முதலில் எண்ணினார். பிறவியிலேயே கேட்டலேஸ் இல்லாத உடல் அது என்று பின்னர் தெரிந்தது. பிற்காலத்தில் ஹங்கேரியில் லாஸ்லோ கோத், பிறவிக் கேட்டலேஸ் குறைவு உள்ள குடும்பங்களில் நீரிழிவு அதிகம் இருப்பதைக் கண்டார். இதன் வலு எங்கே இருக்கிறது என்றால், குறைவு பிறப்பிலேயே வந்தது, நோய் பின்னால் வந்தது. எது முன், எது பின் என்ற கேள்விக்கு இங்கே ஐயமில்லை.

இதய நோய்க்கு இதை ஒத்த சான்று 2003-இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. இதயத் தமனி நோய் இருக்கலாம் என்ற ஐயத்தில் வந்த 636 பேரின் சிவப்பணுக்களில் நொதிகளை அளந்துவிட்டு, பிளாங்கன்பெர்க் குழுவினர் அவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தனர். குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் குறைவாக இருந்தவர்களுக்கே மாரடைப்பும் இறப்பும் மிகுதி. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸுக்கு அத்தகைய தொடர்பு தெரியவில்லை. காவல் நொதிகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசும் நம் வழக்கத்துக்கு இந்த ஒரு முடிவே போதுமான மறுப்பு.

அப்படியானால் நொதியைக் கூட்டினால் நோய் விலகுமா? 2004-இல் மெக்லங் குழுவினர் இதே குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் மிகையாக உண்டாகும் சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்தனர். அவை பருத்தன, இன்சுலினுக்குப் பணிய மறுத்தன. இன்சுலின் தன் செய்தியைச் செல்லுக்குள் கடத்தவே சிறிதளவு பெராக்சைடு வேண்டும். காவலாளி அதையும் துடைத்துவிட்டால் கடிதம் போய்ச் சேராது. நேரம் கூடிய பேட்டிங்கில் தோல் கெடுவது போலத்தான். நொதிக்குத் துணை என்று வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளும் கைவிட்டன. 2000-இல் வெளிவந்த 'ஹோப்' ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டவர்களிடம் வைட்டமின் ஈ இதயத்தைக் காக்கவில்லை. 2002-இல் பிரிட்டனில் 20,536 பேரிடம் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தும் பயனில்லை. 'ஆன்ட்டி ஆக்சிடன்ட்' என்று அச்சிட்ட டப்பாக்களை நீரிழிவு நோயாளிகளின் தலையில் கட்டும் வியாபாரம் இன்றும் நடப்பது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆவாரை இந்த வட்டாரத்தின் செடி. அதன் பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள்தான், கடுக்காயோடு சேர்ந்து, குரோமியம் வருவதற்கு முன் தென்னிந்தியத் தோலுக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்தது. அதே செடியின் பூவை வீடுகளில் சர்க்கரைக்கு என்று காய்ச்சிக் குடிக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் லதா, பாரி ஆகியோர் 2002-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்து நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்தனர். ரத்தச் சர்க்கரை இறங்கியது, காவல் நொதிகளின் செயல் உயர்ந்தது. நேர்மையான வேலை. ஆனால் சர்க்கரை இறங்கியதால் நொதி மீண்டதா, நொதி மீண்டதால் சர்க்கரை இறங்கியதா என்பதை இந்த வகைச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆவாரையை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எலியிலிருந்து ஆம்பூர்த் தொழிலாளியிடம் தாவும் முன் நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்கிறேன்.

குரோமியத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. டிரம்மில் தோலை நீலமாக்குவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். 1959-இல் ஷ்வார்ட்ஸும் மெர்ட்ஸும் இதே வடிவம் எலிகளில் சர்க்கரையைக் கையாள உதவுவதாக அறிவித்தார்கள். அன்று முதல் குரோமியம் மாத்திரையாகவும் விற்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-இல், அது உடலுக்கு இன்றியமையாதது என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று முடிவு கூறிவிட்டது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் முற்றிலும் வேறு. சல்ஃபேட் நுழையும் வாசல் வழியாக அது செல்லுக்குள் புகுகிறது. உள்ளே குளூட்டாதயோனும் வைட்டமின் சியும் அதை மூன்று இணைதிறனாகக் குறைக்கின்றன. அப்போது குளூட்டாதயோன் செலவாகிறது, தீவிர மூலக்கூறுகள் பிறக்கின்றன. குளூட்டாதயோன் பெராக்சிடேஸின் கையிருப்பே குளூட்டாதயோன்தான். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல். அதன் கசிவைச் சுற்றி வாழும் ஒருவருக்கும் டிரம்மில் நீலத் தோல் இறக்கும் ஒருவருக்கும் 'குரோமியம் வெளிப்பாடு உண்டு' என்று ஒரே கட்டத்தில் டிக் போடுவது வேதியியலையே மறுப்பதாகும்.

தண்ணீர் மூன்றாவது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் அளித்த தீர்ப்பு, தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகக் கூறும் ஆய்வை எடுத்துக்காட்டுகிறது. பதப்படுத்த உப்புப் போட்டு வரும் தோலை ஊறவைத்துக் கழுவிய நீர் நிலத்தடியில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைப் பாலாற்றுக் கரைக் கிணறுகளே சொல்லும். அந்த உப்பு ரத்த அழுத்தத்தை நேராகவே ஏற்றக்கூடியது. நொதியின் கணக்கில் அதை விட்டுவிட்டால் அழுத்தத்துக்கான பழி தவறான இடத்தில் விழும்.

நொதியை அளக்கும் முறையிலும் பொறிகள் உண்டு. அதற்குப் பாரா ஆக்சனேஸ் என்ற நொதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அது நல்ல கொழுப்பான எச்.டி.எல். துகளின் மேல் உட்கார்ந்து, கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையாமல் தடுக்கிறது. நீரிழிவிலும் இதய நோயிலும் அதன் செயல் குறைந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதன் பெயரோ பாரதியான் பூச்சிமருந்து உடலில் மாறி உண்டாகும் பாரா ஆக்சன் என்ற நஞ்சிலிருந்து வந்தது. அந்த நஞ்சைச் சிதைப்பதும் இதே நொதி. அளவிடும்போது சீரத்தில் பாரா ஆக்சனைச் சேர்த்தால் மெல்ல மஞ்சள் நிறம் எழும். நிறம் ஏறும் வேகமே நொதியின் செயல். இந்த நொதிக்குக் கால்சியம் உயிர்நாடி. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ரத்த அணுக்களை எண்ண எடுத்த ஊதா மூடிக் குழாயில் மிஞ்சியதை எடுத்து இதை அளந்தால், நலமானவரும் நோயாளி போலவே தெரிவார். பீடி புகைத்தால் இந்த நொதி குறையும். பலமுறை காய்ந்த எண்ணெயில் சமைத்த ஒரு வேளை உணவுக்குப் பின் சில மணி நேரம் அது தாழும் என்று 1999-இல் நியூசிலாந்து ஆய்வொன்று கண்டது. மாலை பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனவரின் ரத்தத்தையும் காலை வெறும் வயிற்றில் வந்தவரின் ரத்தத்தையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது?

சிவப்பணு நொதிகளுக்கு ரத்தசோகை ஒரு பொறி. இளம் சிவப்பணுக்களில் கேட்டலேஸ் போன்ற நொதிகள் கூடுதல், வயதான அணுக்களில் குறைவு. ரத்த இழப்பு ஏற்பட்டு, உடல் புதிய அணுக்களை வேகமாக அனுப்பும் ஒரு பெண்ணின் எண் உயர்ந்து தெரியும். அதை 'உடலின் தற்காப்பு எழுச்சி' என்று ஆய்வேட்டில் எழுதுவது எளிது. ஷூ கம்பெனிகளில் தையல் வேலை செய்வோரில் பெண்களே மிகுதி என்பதை நினைத்தால் இது சிறு விஷயமல்ல.

தடைகளை மட்டும் அடுக்கிவிட்டு நிறுத்துவது நியாயமில்லை. இந்த வட்டாரத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஓர் அடித்தளம் இருக்கிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரி வேலூர் நகரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் 1991–94-இலும் மீண்டும் 2010–12-இலும் இதய நோய்க் காரணிகளை அளந்தது. இடைப்பட்ட காலத்தில் கிராமங்களில் நீரிழிவு ஏறத்தாழ மும்மடங்கானது. 1969–73-இல் பிறந்தவர்களை வயதாக வயதாகப் பின்தொடர்ந்த வேலூர்ப் பிறப்புக் குழுமமும் உண்டு. அவர்களில் 2,218 பேரை 26 முதல் 32 வயதில் சோதித்தபோதே குளூக்கோஸ் சகிப்புக் குறைவு பரவலாகத் தெரிந்ததை 2007-இல் வெளியிட்டார்கள். நோய் வருமுன் அளந்து, காத்திருந்து பார்க்கும் ஒழுக்கம் இங்கே அரை நூற்றாண்டாக இருக்கிறது. அதோடு தோல் தொழிலாளரைச் சேர்க்க வேண்டியதுதான் மீதி.

சேர்க்கும்போது எந்த ஷாப் என்று கேட்டால் போதாது. ஊறவைக்கும் குழியிலா, டிரம்மிலா, ஸ்பிரே பிரிவிலா, ஷூ தையலிலா, எத்தனை ஆண்டு என்று கேட்க வேண்டும். வீட்டில் சமைப்பது காவிரிக் கூட்டுக் குடிநீரிலா, கேன் தண்ணீரிலா, போர் தண்ணீரிலா, அது எந்த ஆண்டிலிருந்து என்று கேட்க வேண்டும். வேலை நாளின் முடிவில் சிறுநீர், மறுநாள் வெறும் வயிற்றில் ஈ.டி.டி.ஏ. இல்லாத சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம், தனியே ஒரு குழாயில் சிவப்பணு. ஆவாரம்பூக் குடிநீர் குடிப்பவரா என்பதும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும். பட்டையை அளந்த ஊரில் பூவைக் கேட்க மறக்கக் கூடாது.