அலை வந்த திசை, சொல் வந்த மொழி: திருவாரூர் வட்டாரத்தில் தொலைக்காட்சிக் கிரிக்கெட்

தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்த வரலாறு என்றதும் பலருக்கும் 1983 ஜூன் 25 நினைவுக்கு வரும். லார்ட்ஸில் 183 ரன் எடுத்த இந்தியா, மேற்கிந்தியத் தீவுகளை 140-க்குச் சுருட்டிய நாள். தூர்தர்ஷன் அதை நேரலையாகக் காட்டியது. ஆனால் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய சென்னை நிலையத்தின் அலை திருவாரூர் வரை எட்டவில்லை. நாட்டின் பொது நினைவில் படமாகப் பதிந்த அந்த ஆட்டம் இங்கே வானொலியோடு நின்றது. ஸ்ரீகாந்த் எடுத்த 38 ரன்தான் அன்று இரு அணியிலும் அதிகம் என்பதை இங்குள்ளவர்கள் காதால் அறிந்தார்கள், மறுநாள் செய்தித்தாளில் படித்தார்கள்.

ஆகவே காவிரி டெல்டா ரசிகனின் கதையை டில்லியின் காலக்கோட்டில் வைத்து எழுதுவது பொருந்தாது. இங்கே அனுபவத்தைத் தீர்மானித்தவை இரண்டு: அலை எந்தத் திசையிலிருந்து வந்தது, வர்ணனை எந்த மொழியில் வந்தது. பெட்டி கருப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறியதும், திரை அகன்றதும் இவற்றுக்கு அடுத்தபடிதான்.

உலக அளவில் பார்த்தால் இது மிகவும் பிந்திய தொடக்கம். 1938 ஜூனில் லார்ட்ஸில் நடந்த இங்கிலாந்து–ஆஸ்திரேலியா டெஸ்டை பி.பி.சி. ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க்கின் எபெட்ஸ் ஃபீல்டில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி ஆடிய பேஸ்பால் ஆட்டம், அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் பேஸ்பால் போட்டிகளில் முதலாவதாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. திருவாரூர்க்காரர் ஓர் ஆட்டத்தைத் திரையில் பார்க்க அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பை முதலில் முடித்து வைத்தது கொழும்பு. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-இல் தொடங்கியது. இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடத் தொடங்கியது. கோடியக்கரை, வேதாரண்யம், முத்துப்பேட்டை எனக் கடலை ஒட்டிய ஊர்களுக்கும் இலங்கைக்கும் நடுவில் தண்ணீரைத் தவிர அலைக்குத் தடையில்லை. மலையே இல்லாத சமவெளி என்பதால் கடலிலிருந்து தள்ளிய ஊர்களிலும் உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, இலங்கைப் பக்கம் திருப்பினால் படம் கிடைத்தது. வானிலை மாறினால் படமும் மாறும். தெளிந்த இரவில் முகம் தெரியும். மற்ற நேரங்களில் புள்ளிகளுக்கு நடுவே பந்தை ஊகிக்க வேண்டும். இலங்கையின் வடக்கே வன்னியில், ரூபவாஹினியின் மறுஒளிபரப்புக் கோபுரம் நின்ற கொக்காவில் ராணுவ முகாம் 1990 ஜூலையில் போரில் வீழ்ந்தது. டெல்டாவின் பொழுதுபோக்கை ஈழப்போர் இப்படியும் தொட்டது என்பதை நம் ஊடக வரலாறுகள் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷன் சிறு ஒளிபரப்பிகளை நாடெங்கும் நிறுவியது. பின்னர் கொடைக்கானல் கோபுரம் வந்தது. டெல்டாவின் ஆன்டெனாக்கள் தென்கிழக்கிலிருந்து மேற்கே திரும்பின. சேப்பாக்கத்தில் 1987 அக்டோபர் 9-இல் நடந்த உலகக் கோப்பை ஆட்டம் இந்தக் காலத்துக்கு நல்ல சான்று. ஆஸ்திரேலியா 270, இந்தியா 269. ஸ்ரீகாந்தும் சித்துவும் எழுபதைத் தொட்டும் ஒரு ரன்னில் தோற்ற ஆட்டம். அது வடகிழக்குப் பருவமழை நெருங்கும் மாதம். இடி இடித்தால் ஆன்டெனா கம்பியைக் கழற்றிவிட வேண்டும், மின்சாரம் போனால் அத்தோடு சரி. பெட்டி இருந்த வீடு தெருவுக்குப் பொது. ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, திண்ணையிலிருந்து இன்னொருவர் "போதும், போதும்" என்று குரல் கொடுப்பார். பார்ப்பதற்கே உழைக்க வேண்டியிருந்த காலம். அந்த உழைப்பில் எல்லோருக்கும் பங்கு இருந்ததால்தான் ஆட்டத்திலும் எல்லோருக்கும் உரிமை இருந்தது.

மொழிதான் குறையாக நின்றது. தூர்தர்ஷன் வர்ணனை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. தமிழோ வானொலியில் இருந்தது. சென்னையில் ஆட்டம் நடந்தால் அகில இந்திய வானொலி தமிழில் நேர்முக வர்ணனை தரும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் அப்படித்தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. பெட்டியின் ஒலியைக் குறைத்துவிட்டு வானொலியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது பலருக்கு வழக்கமானது. ஆங்கிலம் அறியாத விவசாயத் தொழிலாளியும் பள்ளிச் சிறுவனும் களத்தின் இடங்களை, ஆட்டத்தின் நுட்பங்களைக் கற்றது இந்த வழியில்தான். இதை நான் மிகப் பெரிய பங்களிப்பாக மதிக்கிறேன்.

தொண்ணூறுகளின் கேபிள் கதை பரவலாக அறியப்பட்டது. 1993 ஹீரோ கோப்பை ஒளிபரப்பு உரிமை வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததோடு தூர்தர்ஷனின் ஏகபோகம் சட்டப்படி முடிந்தது. திருவாரூரில் இதன் விளைவு மாதச் சந்தா. பணம் கட்டியவர் வீட்டில் எல்லா ஆட்டமும், கட்டாதவருக்குத் தேநீர்க் கடையும் மின்சாதனக் கடை வாசலும்.

அந்த இடைவெளியைக் குறைத்தது அரசு. 2006 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குலப் பெட்டியைக் குடிசைக்கும் கொண்டு சேர்த்தது. அதைத் தொடங்கிய மு. கருணாநிதி திருவாரூரில் படித்தவர், கிரிக்கெட்டை விரும்பிப் பார்த்தவர், அப்போது சேப்பாக்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. இந்தத் திட்டங்களை வாக்கு அரசியலாக மட்டும் பார்ப்பது குறைபட்ட பார்வை. பிறர் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாதவர்களும், சாதியால் வாசலோடு நிறுத்தப்பட்டவர்களும், ஆண்கள் கூட்டத்தில் இடம் கிடைக்காத பெண்களும் தங்கள் வீட்டிலேயே, தங்கள் விருப்பப்படி ஆட்டம் பார்க்கத் தொடங்கியது இதன் பிறகுதான். பழைய திண்ணையை நினைத்து ஏங்குபவர்கள் அங்கே யாருக்கு இடமில்லாமல் இருந்தது என்பதையும் எண்ண வேண்டும்.

2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தது. முழுநேரத் தமிழ் விளையாட்டு அலைவரிசை. ஸ்ரீகாந்த், பத்ரிநாத், அபினவ் முகுந்த் போன்ற முன்னாள் ஆட்டக்காரர்கள் தமிழில் பேசினார்கள். படமும் தமிழும் ஒரே பெட்டியில் சேர்ந்தன. வானொலி வர்ணனையின் நிதானம் இதில் இல்லை, அரட்டை மிகுதி என்ற குறையை நானும் ஏற்கிறேன். ஆனாலும் டெல்டா ரசிகனைப் பொறுத்தவரை வண்ணத்தை விடவும் செயற்கைக்கோளை விடவும் பெரிய திருப்பம் இதுவே.

அடுத்த ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடிப் பகுதிகளை அடித்துப் போட்டது. கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் தொடரை வென்ற பயணம், இங்கே திரைகளும் இருண்டு கிடந்த அந்த நாட்களில்தான் தொடங்கியது.

இன்று ஐ.பி.எல். கைப்பேசியில் ஓடுகிறது, 2023-இல் ஜியோ சினிமா அதைக் கட்டணமின்றிக் காட்டியபோது ஆன்டெனா, கேபிள் இரண்டும் தேவையற்றுப் போயின. அன்று இலங்கைப் பக்கம் குழாயைத் திருப்பிய தலைமுறை இப்போது அறுபதைக் கடந்துகொண்டிருக்கிறது. திருவாரூரில் 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆய்வு மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு முத்துப்பேட்டைக்கும் வேதாரண்யத்துக்கும் போய் அந்தத் தலைமுறையின் நினைவுகளைப் பதிவு செய்ய வேண்டும்; வானொலி நிலையத்தில் எஞ்சியிருக்கும் தமிழ் வர்ணனை நாடாக்களை எண்மமாக்கக் கோர வேண்டும். இந்த இரு பணிகளையும் இனித் தள்ளிப்போடக் கூடாது.