உப்பிப்போன கெப்பாசிட்டரும் திருட்டு ஃபார்முலா கதையும்

2000-களின் ஆரம்பத்துல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாத்தவங்களுக்கு இந்தக் காட்சி நல்லா ஞாபகம் இருக்கும். கேபினெட்டைத் திறந்தா, ப்ராசஸரைச் சுத்தி வரிசையா நிக்கிற அலுமினிய கெப்பாசிட்டர்கள்ல நாலஞ்சு மட்டும் தலை உப்பி நிக்கும். சிலதுல உச்சியில பழுப்பு நிறத்துல கசிவு காஞ்சு போயிருக்கும். (ஃபேன்ல இருக்கிறதை நம்ம ஊர்ல கண்டென்சர்னு சொல்றோமே, அதே குடும்பம்தான், ஆனா இது வேற வகை.)

உச்சியில K, X மாதிரி ஒரு கீறல் இருக்கும். அது அலங்காரம் இல்லை. உள்ள வாயு சேர்ந்தா வெடிக்காம, அந்த இடத்துல கிழிஞ்சு வழிவிடணும். ஏன் வாயு சேருது? அந்தக் காலத்துல ப்ராசஸர்கள் அதிக கரண்ட் கேக்க ஆரம்பிச்சதால, உள்தடை குறைஞ்ச, அதாவது ஈ.எஸ்.ஆர். குறைஞ்ச கெப்பாசிட்டர் தேவைப்பட்டது. அதுக்கு மலிவான வழி, தண்ணி அதிகம் கலந்த எலக்ட்ரோலைட். தண்ணி அலுமினியத்தோட வினைபுரிஞ்சா ஹைட்ரஜன் வரும். அதைத் தடுக்கிற ரசாயனம் கூடவே இருக்கணும். பல தைவான் தயாரிப்புகள்ல அது சரியா இல்லை.

இதுக்குப் பின்னால ஒரு திருட்டுக் கதை உண்டு. ஜப்பானின் ரூபிகான்ல வேலை பாத்த ஒரு விஞ்ஞானி சீனாவுக்குப் போய் இந்த ஃபார்முலாவை உருவாக்கினாராம். அவரோட ஆட்கள் அதை தைவானுக்குக் கொண்டு போனாங்களாம். கொண்டு போனது அரைகுறையாம். 2003-ல ஐ.ஈ.ஈ.ஈ. ஸ்பெக்ட்ரம் பத்திரிகை வரைக்கும் இது வந்துடுச்சு. ஆனா யாரும் நீதிமன்றத்துல நிரூபிக்கலை. எனக்கு இந்தக் கதை மேல கொஞ்சம் சந்தேகம் உண்டு. ரொம்ப வசதியான கதை. "தைவான் சரக்கு மோசம், ஜப்பான் சரக்கு நல்லது"ன்னு முடிச்சிடலாம் இல்லையா?

அப்படி முடிக்க விடாதது டெல் விவகாரம்தான். 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பின 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள்ல இந்தக் கோளாறு வரும் ஆபத்து இருந்தது. அதுல இருந்த கெப்பாசிட்டர் நிச்சிகான், சுத்தமான ஜப்பான் பேர். அந்த சீரிஸ்கள்ல அளவுக்கு மேல திரவம் நிரப்பிட்டாங்கன்னு ஒரு விளக்கம் சொல்லப்படுது.

2007-ல தொடுத்த ஒரு வழக்கோட ஆவணங்கள் 2010-ல வெளிய வந்தப்போதான் உள்ளே நடந்தது தெரிஞ்சது. ஆப்டிபிளெக்ஸ் மெஷின்கள்ல 3 வருஷத்துல 97 சதவீதம் வரைக்கும் பிரச்னை வரலாம்னு டெல்லோட சொந்த ஆய்வே சொல்லியிருக்கு. ஆனா டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத்துறை புகார் பண்ணினப்போ, நீங்க கஷ்டமான கணக்கெல்லாம் போட்டு மெஷினை வாட்டிட்டீங்கன்னு பதில் வந்ததாம். கணிதத்துறைகிட்ட! போர்டு மாத்திக் கொடுத்த சில இடங்கள்லயும் அதே கோளாறு உள்ள போர்டுதான் போச்சு. 2005-ல டெல் இதுக்காக 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

அதனால பழைய போர்டு கையில வந்தா, உறையில இருக்கிற கம்பெனிப் பேரை மட்டும் பாத்துத் தீர்மானிக்காதீங்க. சீரிஸ் எழுத்தையும் பாருங்க. உச்சி தட்டையா இருந்தாலும் அடியில ரப்பர் வெளிய தள்ளியிருக்கலாம். வெளிய ஒண்ணுமே தெரியாம ஈ.எஸ்.ஆர். மட்டும் ஏறியிருக்கலாம். அதை மீட்டர்தான் சொல்லும். மாத்தும்போது மைக்ரோஃபாரட் அதே, வோல்டேஜ் அதே அளவு அல்லது கொஞ்சம் கூட, ஈ.எஸ்.ஆர். அதே அளவு அல்லது குறைவு. பலர் முதல் ரெண்டைப் பாத்துட்டு மூணாவதை விட்டுடுவாங்க. சாதாரண ரகத்தைப் போட்டா அது சீக்கிரமே சூடேறி உப்பிடும். கெப்பாசிட்டர் உடம்புல இருக்கிற பட்டை நெகட்டிவ் பக்கம். போர்டுல இருக்கிற குறி மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால பழசைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க.