அற்லஸ் கணனியும் அதன் மேற்பார்வையாளனும்

தொடக்ககாலக் கணனிகளிற் செய்நிரலொன்று இயங்கும்பொழுது பொறி முழுவதும் அதற்கே உரியதாயிருந்தது. துளைநாடாவை வாசித்தலும் விடையை அச்சிடலும் அதன் பொறுப்பே. நாடாவோ மெல்ல நகரும். அதுவரை கணிக்கும் பகுதி வாளா இருக்கும். பெருவிலைப் பொறிக்கு இது பெருநட்டமன்றோ?

மாஞ்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்து ரொம் கில்பேண் குழுவினரும் பெரன்ரி நிறுவனத்தாரும் அமைத்த அற்லஸ் கணனி 1962 டிசெம்பர் 7ஆம் நாள் தொடக்கிவைக்கப்பெற்றது. அதிற் பல செய்நிரல்கள் ஒருங்கே தங்கின. ஒன்று நாடாவுக்குக் காத்திருக்க மற்றொன்று கணித்தது. பலர் குடியிருக்கும் மனைக்குக் காவல் வேண்டும். அக்காவலே 'மேற்பார்வையாளன்' எனப்பெற்ற செய்நிரற்றொகுதி. இத்தகையதனையே பின்வந்தோர் பணிசெயல் முறைமை என்றனர்.

பயனாளரின் செய்நிரல் கருவிகளை நேரே தீண்டலாகாது. வேண்டியதை 'எக்ஸ்ராகோட்' என்னும் கட்டளையாற் கேட்டல் வேண்டும். அக்கட்டளையைக் கண்டதும் பொறி அச்செய்நிரலை நிறுத்தி, மாற்றவியலாத நிலைநினைவகத்திலுள்ள நிரலுக்குச் செல்லும். பணி முடிந்தபின் விட்ட இடத்துக்கு அடுத்த கட்டளைக்கு மீளும். சைன், மடக்கை முதலியனவும் இவ்வகைக் கட்டளைகளாலேயே கணிக்கப்பட்டன. ஆதலின் நாடாவைக் கேட்டலும் மடக்கை காண்டலும் எழுதுவோனுக்கு ஒரே தோற்றத்தன. எல்லை கடுமையானது, எனினும் அவனை உறுத்தாதது.

மையநினைவகத்தையும் உருளையையும் ஒரே நினைவகமாகக் காட்டியமைக்கே அற்லஸ் பெரிதும் புகழப்பெறுகின்றது. எக்ஸ்ராகோட்டின் சிறப்பு அதனிற் குறைந்ததன்று. மாஞ்செஸ்ரர் அற்லஸ் 1971இல் ஓய்ந்தது. 1991இல் தோன்றிய லினக்ஸிலும் கோப்பொன்றை வாசிக்க விரும்பும் செய்நிரல் தனிக்கட்டளையொன்றினாற் கேட்டே பெறுகின்றது.