குடிநீரில் பிறக்கும் கொசு: கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியும் குடல் நுண்ணுயிர் வழி மலேரியாத் தடுப்பும்

கொசுவின் குடலில் வாழும் பாக்டீரியாவைக் கொண்டே மலேரியாவை நிறுத்தலாம் என்ற ஆய்வு கடந்த இருபது ஆண்டுகளில் வேகமாக வளர்ந்திருக்கிறது. ஆனால் சோதனைச்சாலையில் கிடைத்த வெற்றியை எந்த நீரில் இறக்கப் போகிறோம் என்ற கேள்வி அதே வேகத்தில் கேட்கப்படவில்லை. சென்னையிலும் அதையொட்டிய திருவள்ளூர்ப் புறநகர்களிலும் கவலைக்குரிய நோய்க்கடத்தி அனோபிலஸ் ஸ்டீபென்சி. அது சேற்றுக் குட்டையை நாடும் கொசு அன்று. கிணற்றிலும் சம்ப்பிலும் மொட்டைமாடித் தொட்டியிலும், அதாவது மனிதர் குடிக்கும், புழங்கும் நீரில் முட்டையிடுகிறது. ஆகவே உயிருள்ள பாக்டீரியாவை, அதிலும் மரபணு மாற்றிய பாக்டீரியாவை, புழு வளரும் நீர் வழியே செலுத்தும் உத்தி இப்பகுதிக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். பாக்டீரியா சுரக்கும் வேதிப்பொருளுக்கு இங்கே இடமுண்டு. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது தொட்டி தொட்டியாக ஒரு நுண்ணுயிர்க் கணக்கெடுப்பு.

குடல் ஏன் இலக்காகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நோயாளியின் இரத்தத்தோடு கொசுவுக்குள் போகும் மலேரியா ஒட்டுண்ணிகளில் மிகப் பெரும்பாலானவை முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் அங்கேயே அழிகின்றன. பிழைத்துக் குடல் சுவரைத் துளைத்துச் சென்று ஊசிஸ்ட் என்னும் கூடு கட்டுபவை பல கொசுக்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டது இந்தக் கூடுகளைத்தான். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் பின்னர் ஆயிரக்கணக்கான ஒட்டுண்ணிகள் வெளியேறி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன. ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியில் இதைவிடக் குறுகலான வாயில் வேறில்லை. அதே நேரத்தில் இரத்த உணவு கிடைத்த குடல் பாக்டீரியாவும் பன்மடங்கு பெருகுகிறது. ஒட்டுண்ணி அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் பிழைக்க வேண்டும்.

அந்தக் கூட்டம் ஒட்டுண்ணிக்கு எதிரானது என்பதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டிமோபூலஸ் குழு 2009இல் காட்டியது: ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் குடலைத் துப்புரவாக்கிய கொசுக்களில் தொற்று கூடியது. 2011இல் அக்குழு ஜாம்பியாக் கொசுவிலிருந்து பிரித்த என்டரோபாக்டர் வகை ஒன்று, வினைத்திறன் மிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை வெளியிட்டு ஒட்டுண்ணியை நேரடியாகக் கொன்றது. இதற்கு மறுபக்கமும் உண்டு. மனித இரத்தத்தில் கலந்திருக்கும் ஆன்டிபயாட்டிக்கூடக் கொசுவின் குடல் பாக்டீரியாவைக் குலைத்து, அதை மலேரியாவுக்கு இடம்கொடுப்பதாக ஆக்கும் என்பது 2015இல் வெளியான ஆய்வின் முடிவு. காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போவது சகஜமாக இருக்கும் ஒரு தொழிற்பகுதியில் இதைக் கல்விசார் ஆர்வத்துக்குரிய செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது.

அடுத்த படி மரபணு மாற்றம். மார்செலோ ஜேக்கப்ஸ்-லொரேனா குழு 2012இல் பேன்டோயா பாக்டீரியாவை ஒட்டுண்ணிக்கு எதிரான புரதங்களைச் சுரக்கும்படி மாற்றியது. 2017இல் செராஷியா ஏஎஸ்1 வந்தது. இது ஆணிடமிருந்து பெண்ணுக்குக் கலவி வழியே போகிறது, முட்டையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது, நீரில் பெருகுகிறது, பொரிந்த புழுவின் வாய் வழியே அடுத்த தலைமுறைக்குள் நுழைகிறது. பரவுவதில் இதன் திறமை வியக்கத்தக்கது. நம் ஊரில் சிக்கலும் அந்தத் திறமையிலேயே இருக்கிறது. நீரில் பெருகும் பாக்டீரியா சிண்டெக்ஸ் தொட்டியில் பெருகினால் அது குழாயிலும் வரும். செராஷியா, என்டரோபாக்டர், பேன்டோயா ஆகிய மூன்று பேரினங்களிலுமே உடல் நலிந்தவர்களைத் தாக்கும் வகைகள் மருத்துவமனைகளில் அறியப்பட்டவை. தேர்ந்தெடுத்த வகை தீங்கற்றது என்று நிறுவலாம். ஆனால் அதைக் குடிநீரில் சேர்க்க அனுமதி கேட்கும் நிலை, மழைக்குட்டையில் தெளிக்க அனுமதி கேட்கும் நிலையிலிருந்து முற்றிலும் வேறு.

‘தொட்டியில் ஏற்கெனவே அபேட் ஊற்றுகிறோமே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டெமிஃபாஸ் என்னும் அந்த மருந்தைக் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் சேர்க்க உலகச் சுகாதார நிறுவனம் இசைவு தந்திருக்கிறது. ஆனால் ஊற்றிய அபேட் நாளடைவில் குறையும். பெருகக்கூடிய உயிரிக்கு அளவு என்ற ஒன்றை நிர்ணயிக்க முடியாது.

இனி இடத்தைப் பார்ப்போம். தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் களப்பிரிவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, நகரத்தில் ஸ்டீபென்சியின் முக்கிய உறைவிடம் மேல்நிலைத் தொட்டியே என்றது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி அதே வகை நீர்ச்சேமிப்பு இன்னும் நெருக்கமாக இருக்கிறது: ஆலைகளின் சம்ப், லைன் வீடுகளின் பிளாஸ்டிக் டிரம், கட்டுமான இடங்களில் க்யூரிங்குக்குத் தேக்கும் நீர். உருக்காலைகளுக்கும் மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கும் ஒடிசாவிலிருந்தும் பிற வடமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். பால்சிபாரம் மலேரியாவின் சுமை நீண்டகாலமாக மிகுந்திருக்கும் மாநிலம் ஒடிசா. சென்னையிலோ மேலோங்கியது வைவாக்ஸ். இரண்டும் ஒரே தொட்டியில் பிறந்த கொசுவின் குடலில் சந்திக்கலாம்.

வைவாக்ஸ்தான் இங்கே கூடுதல் கவனத்துக்குரியது. காய்ச்சல் தெளிவாகத் தெரியுமுன்பே நோயாளியின் இரத்தத்தில் கொசுவைத் தொற்றும் வடிவம் தோன்றிவிடுகிறது. ஆகவே சிகிச்சை எவ்வளவு விரைந்து வந்தாலும் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயின் வேண்டும். ஒப்பந்தக்காரர் வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பதினான்கு நாளை யார் எண்ணுவது? மருந்து தோற்கும் இத்தகைய இடத்தில் கொசுவின் குடலுக்குள்ளேயே தடுப்பது மதிப்பு மிக்கது. அதனால்தான் இந்த ஆய்வுத்துறையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் வைவாக்ஸைச் சோதனைச்சாலையில் தொடர்ந்து வளர்க்க வழியில்லாததால், மேலே சொன்ன பாக்டீரியாச் சோதனைகள் பால்சிபாரத்தையும் எலி மலேரியாவையுமே பெரிதும் சார்ந்தவை. நம்முடைய ஒட்டுண்ணியின்மீது சோதிக்காத பாக்டீரியாவை நம்முடைய தீர்வு என்று அழைப்பது அவசரம்.

கொசுவின் மரபணுவைப் பொறுத்தவரை நாம் பின்தங்கியவர்கள் அல்லர். பெங்களூரு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஸ்டீபென்சி மரபணுத்தொகுதிகளில் ஒன்று சென்னைக் கொசுவழியினுடையது. சூழல் மாற்றங்களுக்கு ஈடுகொடுப்பதோடு தொடர்புடைய 2ஆர்பி என்னும் குரோமோசோம் தலைகீழ்ப் பகுதியின் அமைப்பு அதனால் துலங்கியது. ஆனால் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் குரோமோசோமில் எழுதப்பட்டதன்று. புழு தான் வளரும் நீரிலிருந்தே அதில் பெரும்பகுதியைப் பெறுகிறது. கூட்டுப்புழு முதிர்கொசுவாகும்போது அதில் பெரும்பகுதி கழிந்து, மிச்சம் மட்டுமே தங்குகிறது. டெல்லியில் ஸ்டீபென்சியை ஆராய்ந்தவர்கள் 2009இலேயே சோதனைச்சாலைக் கொசுவின் குடலும் களத்துக் கொசுவின் குடலும் வேறுபடுவதைக் காட்டினர். குளோரின் விழும் தொட்டிக்கும் விழாத டிரம்முக்கும் இடையே அந்த வேறுபாடு எவ்வளவு என்பதைக் கேட்பதே சரியான தொடர்ச்சி.

சட்டமும் வரலாறும் ஓரளவு எச்சரிக்கின்றன. மரபணு மாற்றிய பூச்சிகளுக்கான வழிகாட்டுதலை உயிரித் தொழில்நுட்பத் துறை 2023இல் வெளியிட்டது. பூச்சியை மாற்றாமல் அதன் குடலில் உள்ள பாக்டீரியாவை மாற்றினால், நுண்ணுயிர்களையும் உள்ளடக்கிய 1989ஆம் ஆண்டு விதிகளின்கீழ் வேறொரு பரிசீலனை எழும். 1975இல் சோனிபட்டில் ஏடிஸ் கொசுக்களை வெளியிடவிருந்த உலகச் சுகாதார நிறுவன-ஐசிஎம்ஆர் திட்டம், பத்திரிகைக் குற்றச்சாட்டுகளுக்கும் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழுவின் கண்டனத்துக்கும் நடுவே கைவிடப்பட்டது. குற்றச்சாட்டுகளில் மிகை இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் மக்களிடம் சொல்லாமல் தொடங்கிய வேலை மிகையான சந்தேகத்தைத் தாங்காது.

பொருந்தும் வழி எது? ஸ்பெயினில் ஜிஎஸ்கே நிறுவனத்தின் ஆய்வகத்தில் வளர்த்த ஸ்டீபென்சிக் கொசுக்கள் திடீரெனத் தொற்றை ஏற்காமல் போயின. காரணம் டெல்ஃப்டியா சுருஹாடென்சிஸ் என்னும் இயற்கைப் பாக்டீரியா என்றும், அது சுரக்கும் ஹார்மேன் என்னும் சிறு மூலக்கூறே ஒட்டுண்ணியைத் தடுக்கிறது என்றும் 2023இல் அறிவிக்கப்பட்டது. ஹார்மேன் குடல் வழியே மட்டுமன்றி, கொசு அதன்மீது வந்து அமர்ந்தாலும் உடலுறை வழியே உள்ளே போய் வேலை செய்கிறது. அப்படியானால் நீரைத் தொடவே வேண்டாம். லைன் வீட்டுச் சுவரிலோ கொசுவலையிலோ பூசிச் சோதிக்கலாம். அளவை நிர்ணயிக்கலாம், நிறுத்த நினைத்தால் நிறுத்தலாம். அந்த ஒரு வசதிக்காகவே நான் மூலக்கூற்றின் பக்கம் நிற்கிறேன்.

கணக்கெடுப்பு பெரிய செலவுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஆலை சம்ப், லைன் வீட்டு டிரம், மாடித்தொட்டி, க்யூரிங் நீர் என நான்கு வகையிலும் நீரையும், அதே நீரில் எடுத்த புழுவையும், அதிலிருந்து வெளிவந்த கொசுவையும் இணைத்தே எடுக்க வேண்டும். அக்கொசுக்களுக்கு, இசைவு தந்த வைவாக்ஸ் நோயாளிகளின் இரத்தத்தைச் சவ்வு வழியே ஊட்டிப் பார்க்க வேண்டும். தொட்டிகளை நாள்தோறும் ஏறிப் பார்க்கும் மஸ்தூர்களைத் தவிர வேறு யாராலும் இதற்கான பட்டியலைச் சரியாகத் தர முடியாது. குளோரின் போட்ட நாளும் அபேட் ஊற்றிய நாளும் ஒவ்வொரு மாதிரியின் சீட்டிலும் எழுதப்பட வேண்டும்; அவை இல்லாமல் வரிசைப்படுத்தும் மரபணு, தொட்டியின் இயல்பைச் சொல்கிறதா, நேற்று ஊற்றிய மருந்தின் விளைவைச் சொல்கிறதா என்று பிரித்தறிய முடியாது.