பண்ணையும் ஏணியும்
(நினைவுப் பேருரை)



1920-இல் 'மூக்நாயக்' முதல் இதழில் அண்ணல் அம்பேத்கர் இந்துச் சமூகத்தைப் படிக்கட்டே இல்லாத ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒப்பிட்டார். படிக்கட்டு உள்ள ஒரு கட்டடத்தைப் பற்றி இன்று பேசப்போகிறேன். திறமை இருந்தால் எவரும் ஏறலாம் என்று அதன் வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதே பேச்சை நாமும் இன்று நாள்தோறும் கேட்கிறோம்: "ஏணி இருக்கிறதே, ஏறிக்கொள்ள வேண்டியதுதானே." அந்த ஏணி யாருடைய சொத்து, அதன் கீழ்ப்படியில் யார் எத்தனை ஆண்டுகள் நிற்கிறார்கள், நிற்கும் காலத்துக்குச் செலவு யாருடையது என்ற கேள்விகளை அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பேஸ்பாலின் உச்சியில் 30 குழுக்கள் உள்ளன. இதுதான் மேஜர் லீக். ஒவ்வொரு பெரிய குழுவுக்கும் கீழே ட்ரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நான்கு படிகளில் சிற்றூர்க் குழுக்கள் உண்டு. அவற்றுக்கும் கீழே புதியவர்களுக்கான பயிற்சிக் குழுக்கள். இவை எல்லாம் சேர்ந்தது மைனர் லீக். பள்ளி முடித்த ஒரு பையன் 18 வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கீழ்ப்படியில் சேர்கிறான். ஆண்டுக்கு ஒரு படி என்று ஏறினாலும் நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அவனோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக் மைதானத்தில் ஒரு நாள்கூடக் கால் வைக்காமலே வீடு திரும்பிவிடுவார்கள்.

இந்த அமைப்புக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் 'ஃபார்ம்'. தமிழில் சொன்னால் பண்ணை. பண்ணை என்றதும் நமக்கு வெறும் வயல் நினைவுக்கு வருவதில்லை, பண்ணையாரும் பண்ணையாளும் சேர்ந்தே வருகிறார்கள். தஞ்சைப் பண்ணையாள் பட்ட பாடும் அமெரிக்க ஆட்டக்காரன் பட்ட பாடும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஒருவன் உடலுழைப்பை இன்னொருவன் தன் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக எழுதி வைத்துக்கொள்ளும் உறவு இரண்டு இடத்திலும் இருந்தது. அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இந்தப் பண்ணையை உருவாக்கியவர் பிராஞ்ச் ரிக்கி. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் அவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவை நடத்திவந்தார். அந்தக் காலத்தில் சிற்றூர்க் குழுக்கள் தனித்தனி முதலாளிகளிடம் இருந்தன. அவர்கள் ஓர் இளைஞனை வளர்த்துப் பெரிய குழுவுக்கு விற்பார்கள். கார்டினல்ஸ் ஏழைக் குழு. ஏலத்தில் நியூயார்க்கோடு போட்டி போட அதனால் முடியாது. விளைந்த பொருளைச் சந்தையில் வாங்க முடியாதவன் வயலையே வாங்கிவிடலாம் என்பது ரிக்கியின் கணக்கு. ஹூஸ்டன், ஃபோர்ட் ஸ்மித், சிராக்யூஸ் என்று ஒவ்வொரு குழுவிலும் பங்கு வாங்கினார். 1940 வாக்கில் 30-க்கும் மேற்பட்ட குழுக்கள், 600-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் அவர் கைக்குள் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான ஏழைப் பையன்களை மலிவாகச் சேர்த்தால் சிலராவது தேறுவார்கள். மிஞ்சியவர்களில் நல்லவர்களை விற்றுவிடலாம். 1926, 1931, 1934, 1942 ஆகிய ஆண்டுகளில் கார்டினல்ஸ் உலகத் தொடரை வென்றது. மற்ற முதலாளிகளும் அதே வழியில் இறங்கினார்கள்.

இதைத் தாங்கி நின்றது ஒரு சட்ட ஏற்பாடு. 'ரிசர்வ்' விதி என்று அதற்குப் பெயர். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அதே குழுவுக்கே உரியவன். குழு அவனை விற்கலாம், மாற்றலாம், வீட்டுக்கு அனுப்பலாம். அவனாக வேறு குழுவுக்குப் போக முடியாது. 1922-இல் உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, ஆகவே ஏகபோகத் தடுப்புச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. ரிக்கியின் ஆட்டக்காரர்களைச் சங்கிலியில் பிணைத்து வேலை வாங்கப்படும் கைதிகளோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். பேஸ்பாலின் ஆணையராக இருந்த நீதிபதி லேண்டிஸ், 1938-இல் கார்டினல்ஸ் பண்ணையில் முறைகேடாக அடைத்து வைக்கப்பட்டிருந்த 70-க்கும் மேற்பட்ட இளைஞர்களை விடுவித்தார்.

விடுவிக்கப்பட்ட எல்லோரும் வெள்ளையர்கள். லேண்டிஸ் 1920 முதல் 1944 வரை ஆணையராக இருந்தார். அந்த 24 ஆண்டுகளில் மேஜர் லீக்கிலோ அதன் பண்ணைகளிலோ கறுப்பினத்தவர் என்று அறியப்பட்ட ஒருவருக்கும் இடம் இல்லை. பண்ணையில் அடைபட்டிருப்பது ஒரு துன்பம். பண்ணைக்குள்ளேயே விடாமல் இருப்பது அதற்கும் கீழான துன்பம்.

இந்தக் கதவு எங்கே அடைக்கப்பட்டது என்பது முக்கியம். 1884-இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின இளைஞர் டொலிடோ குழுவுக்காக மேஜர் லீக்கில் ஆடினார். 1887 ஜூலை 14 அன்று, மைனர் லீக்கான இன்டர்நேஷனல் லீக்கின் நிர்வாகிகள் கூடி, இனிக் கறுப்பின ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். பிறகு லீக்குக்கு லீக் அதே வழக்கம் பரவியது. மேஜர் லீக் இப்படி ஒரு விதியை எழுதி வைக்கவே இல்லை. கனவான்களுக்குள் ஓர் எழுதாத உடன்பாடு போதுமானதாக இருந்தது. கீழ்ப்படியை அகற்றிவிட்டால் மேல்மாடிக்குக் காவலாளி தேவையில்லை. "எங்கள் தரத்துக்கு யாரும் வரவில்லையே" என்று 60 ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஓர் ஏணியைத் தாங்களே கட்டினார்கள். 1920-இல் கான்சாஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். சாட்செல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன் போன்ற மேதைகள் இந்த லீக்குகளில் வளர்ந்தார்கள். ஆட்டக்காரர்களோடு மேலாளர்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள், முதலாளிகள் என்று ஒரு முழு உலகமே அங்கே பெரும்பாலும் கறுப்பினத்தவர் கையில் இருந்தது.

இப்போது 1946-க்கு வருவோம். ரிக்கி அதற்குள் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவுக்கு மாறியிருந்தார். ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்து, டாட்ஜர்ஸின் கீழ்க்குழுவான மான்ட்ரியல் ராயல்ஸுக்கு அனுப்பினார். ராபின்சன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், ராணுவ அதிகாரியாக இருந்தவர், வயது 27. பயிற்சிக்காக ஃபுளோரிடா போனபோது சான்ஃபோர்ட் ஊரார் அவரை விரட்டினார்கள். ஜாக்சன்வில்லில் மைதானத்தின் கதவைப் பூட்டி வைத்தார்கள். ஏப்ரல் 18 அன்று ஜெர்சி சிட்டியில் நடந்த முதல் ஆட்டத்தில் ராபின்சன் ஒரு ஹோம் ரன் உள்பட நான்கு ஹிட் அடித்தார். அந்தப் பருவத்தில் .349 என்ற சராசரியோடு லீக்கிலேயே முதலிடம் பெற்றார். அது எந்த லீக்? 1887-இல் கதவடைத்ததே, அந்த இன்டர்நேஷனல் லீக்தான். அடைத்த இடத்திலேயே திறக்க 59 ஆண்டுகள் ஆயின. அதே 1946 ஜூலையில்தான், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவைப் பற்றிக் கேட்டு அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டு பாய்ஸும் பதில் எழுதினார்.

இந்த வெற்றிக்கு விலை கொடுத்தது யார்? ராபின்சன் அதற்கு முன் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற நீக்ரோ லீக் குழுவில் ஆடியவர். அந்தக் குழுவுக்கு ரிக்கி ஒரு டாலர்கூடத் தரவில்லை. நெவார்க் ஈகிள்ஸ் குழுவில் வளர்ந்த டான் நியூகோம்பையும் அப்படியே எடுத்துக்கொண்டார். அந்தக் குழுவின் உரிமையாளர்களில் ஒருவரான எஃபா மேன்லி அம்மையார் இதைத் துணிந்து எதிர்த்தார். 1947-இல் லாரி டோபியைக் கிளீவ்லாந்து கேட்டபோது 15,000 டாலர் வாங்கினார். வெள்ளையராக இருந்திருந்தால் பல மடங்கு கொடுத்திருப்பீர்கள் என்றும் சொன்னார். நல்ல ஆட்டக்காரர்கள் போன பின்னால் பார்வையாளர்களும் போனார்கள். 1948-ஆம் ஆண்டுப் பருவத்தோடு நீக்ரோ நேஷனல் லீக் கலைந்தது. ஆட்டக்காரர்கள் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். அவர்களை வளர்த்த மேலாளர்களும் பயிற்சியாளர்களும் நிறுவனங்களும் வெளியே நின்றன. மேஜர் லீக்கில் முதல் கறுப்பின மேலாளராக ஃபிராங்க் ராபின்சன் பொறுப்பேற்றது 1975-இல். ஒருங்கிணைப்பு என்று சொல்லப்படும் எதையும் பார்க்கும்போது, எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதோடு எது வெளியே அழிந்தது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உள்ளே போனவர்களின் கதையைப் பார்ப்போம். மேஜர் லீக் நகரங்கள் வடக்கே இருந்தன. பண்ணைக் குழுக்களில் பல, நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தெற்கத்திய சிற்றூர்களில் இருந்தன. 1953-இல் 19 வயது ஹாங்க் ஆரன், சவுத் அட்லாண்டிக் லீக்கில் ஜாக்சன்வில் குழுவுக்கு ஆடினார். குழுவினர் ஓட்டலில் தங்குவார்கள், ஆரன் கறுப்பினத்தவர் வீட்டில் தங்க வேண்டும். அவர்கள் உணவகத்தில் உண்பார்கள், ஆரனுக்குப் பேருந்துக்குள் சாப்பாடு. அந்த ஆண்டு .362 சராசரியோடு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். சதர்ன் அசோசியேஷன் என்ற இன்னொரு லீக்கில் 1954-இல் நாட் பீப்பிள்ஸ் என்ற கறுப்பின ஆட்டக்காரர் இரண்டே இரண்டு ஆட்டங்கள் ஆடினார். அவருக்குப் பின் ஒருவரையும் சேர்க்காமலே 1961-இல் அந்த லீக் மறைந்தது.

கர்ட் ஃப்ளட் சொன்ன ஒரு நிகழ்ச்சி நமக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாதது. 1950-களின் பிற்பகுதி, தெற்கே ஓர் ஊர். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். இடைவேளையில் வியர்வையில் நனைந்த சீருடையைக் கழற்றி, மற்றவர்களின் துணிக் குவியலில் அவரும் போட்டார். துணி எடுக்க வந்த ஆள் ஃப்ளட்டின் சீருடையைக் கையால் தொடாமல் ஒரு குச்சியால் தனியே எடுத்து, கறுப்பினத்தவர் துணி வெளுக்கும் இடத்துக்கு அனுப்பினான். மற்றவர்கள் மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அந்த இளைஞன் உடுக்கத் துணியில்லாமல் காத்திருந்தான். பூனாவில் ஆங்கிலேயருக்கு வலையில் மணிக்கணக்கில் பந்து வீசிய பல்வங்கர் பாலூவுக்கு, இந்துக் குழுவுக்கு ஆடும்போதே பெவிலியனுக்கு வெளியே தனிக் குவளையில் தேநீர் கொடுத்த கதையை நாம் அறிவோம். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவரை இந்துக் குழுவின் தலைவராக்க மனம் வரவில்லை. குச்சியும் குவளையும் ஒரே வேலையைத்தான் செய்தன.

ஃப்ளட் அதை மறக்கவில்லை. 1969-இல் கார்டினல்ஸ் அவரைக் கேட்காமலே ஃபிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, தன்னை வாங்கி விற்கும் உரிமை எவருக்கும் கிடையாது என்று வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வு அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தது. அவர் உடைத்துப் பார்த்த கதவு 1975-இல் ஒரு நடுவர் தீர்ப்பில் திறந்தது. மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் குழு மாறும் உரிமை பெற்றார்கள், அவர்கள் ஊதியம் பன்மடங்கு உயர்ந்தது. பண்ணையில் இருந்தவர்களோ அந்தச் சங்கத்தில் உறுப்பினர்களே அல்ல. மேல்தளத்தின் வெற்றி கீழே இறங்கி வரவில்லை.

பண்ணைக்கு மலிவான கைகள் வேண்டும். 1965 முதல் அமெரிக்க இளைஞர்கள் வரிசைமுறைத் தேர்வில் வந்தார்கள். டொமினிக்கன் குடியரசு அந்தத் தேர்வுக்கு வெளியே இருந்தது. இன்று 30 குழுக்களும் அங்கே பயிற்சிக் கூடம் வைத்திருக்கின்றன. 16 வயதில் ஒப்பந்தம் போடலாம். அதற்காகப் பள்ளியை விட்ட சிறுவர்கள் அங்கே ஏராளம். பிற்காலத்தில் 600-க்கும் மேல் ஹோம் ரன் அடித்த சாமி சோசாவுக்கு 1985-இல் கிடைத்த தொகை 3,500 டாலர்.

அமெரிக்காவுக்குள்ளும் பண்ணை ஊதியம் நெடுங்காலம் பருவகாலத்துக்கு மட்டுமே இருந்தது. பருவத்துக்கு முந்திய பயிற்சி வாரங்களுக்குச் சம்பளம் இருக்கவில்லை. 2014-இல் ஆட்டக்காரர்கள் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். 2018-இல் முதலாளிகள் நாடாளுமன்றத்தில் ஒரு பெரிய செலவின மசோதாவுக்குள் ஒரு பிரிவை நுழைத்து, மிகைநேர ஊதியப் பாதுகாப்பிலிருந்து இவர்களை விலக்கினார்கள். 2021-இல் பண்ணைக் குழுக்கள் 160-லிருந்து 120 ஆகக் குறைக்கப்பட்டன. 2022-இல் அந்த வழக்கு 18.5 கோடி டாலர் இழப்பீட்டில் சமரசமானது. அதே ஆண்டு செப்டம்பரில் கீழ்ப்படியினர் சங்கமானார்கள். 2023 ஒப்பந்தத்தில் சிங்கிள்-ஏ ஆண்டு ஊதியம் 11,000-லிருந்து 26,200 டாலராகவும், ட்ரிபிள்-ஏ ஊதியம் 17,500-லிருந்து 35,800 டாலராகவும் உயர்ந்தது. மேஜர் லீக்கில் அந்த ஆண்டின் குறைந்தபட்ச ஊதியம் 7,20,000 டாலர். நூறாண்டுப் பண்ணையில் ஊதியம் இரட்டிப்பாகத் தேவைப்பட்டது ஒரே ஒரு சங்கம். ஆனால் டொமினிக்கன் கூடங்களில் இருக்கும் சிறுவர்கள் அந்த ஒப்பந்தத்துக்குள்ளும் வரவில்லை.

755 ஹோம் ரன்களோடு 1976-இல் ஓய்வு பெற்ற ஹாங்க் ஆரன், அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவில் இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் துறைக்கே இயக்குநரானார். பேருந்துக்குள் சாப்பிட வைக்கப்பட்டவர், யார் எந்தப் படிக்குப் போவது என்று முடிவெடுக்கும் நாற்காலியில் அமர்ந்தார். அந்த நாற்காலியும் நமக்கு வேண்டும்.

2020-இல் மேஜர் லீக் நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீக் என்று ஒப்புக்கொண்டது. 2024-இல் பதிவேடுகள் இணைக்கப்பட்டன. வாழ்நாள் சராசரியில் வரலாற்றிலேயே முதலிடம் இன்று ஜாஷ் கிப்சனுக்கு, .372. ராபின்சன் மேஜர் லீக்கில் ஆடத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் கிப்சன் இறந்துபோனார்.

மாணவத் தோழர்களே, தரம் இல்லாததால் வரவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், கீழ்ப்படி எந்த ஆண்டு, யாரால் அகற்றப்பட்டது என்று கேளுங்கள். படி இருக்கிறது என்று சொன்னால், அதில் நிற்பவனுக்கு என்ன கூலி, அவன் எந்தக் குவளையில் குடிக்கிறான், அவனுக்குச் சங்கம் உண்டா என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு இருக்கும். தேடி எடுப்பது நம் வேலை.