குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் தலைசுற்றலும் வாந்தியும்

சில நாளோ சில வாரமோ இடைவிட்டுக் குழந்தைக்குத் தலைசுற்றலும் வாந்தியும் திரும்ப வருவது பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. உட்காது, மூளை, குடல், சிறுநீரகம், இரத்தத்தின் வேதிநிலை, வெளியிலிருந்து சேரும் நஞ்சு என எங்கிருந்தும் அது கிளம்பலாம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் காரணம் தேடுகிறவர், ஊரின் பேச்சையும் வெள்ளாமையையும் வெயிலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

‘மயக்கம்’ என்ற சொல்லிலேயே சிக்கல் தொடங்குகிறது. சுற்றியுள்ளதெல்லாம் சுழல்வது, கண் இருட்டுவது, கால் தள்ளாடுவது, வெறும் சோர்வு ஆகிய நான்குக்கும் மக்கள் அந்த ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். ‘கிறுகிறுன்னு வருது’ என்றால் சுழற்சிக்குக் கொஞ்சம் நெருக்கம். வாந்தியைச் ‘சத்தி’ என்பதும் உண்டு. சுழற்சி உட்காதையோ மூளையையோ காட்டும். கண் இருட்டுவது பட்டினி, சோகை, வெயில், இரத்த அழுத்தக் குறைவு ஆகியவற்றைக் காட்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென முகம் வெளிறி, அம்மாவின் சேலையையோ திண்ணைத் தூணையோ இறுகப் பிடித்துக்கொள்ளும். கருவிழிகள் துடிக்கும். இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கி மறுபடி விளையாடப் போய்விடும். பாஸர் என்ற மருத்துவர் 1964-இல் விவரித்த குழந்தைப்பருவத் தலைசுற்றல் இது. ஒற்றைத் தலைவலிக்கு உறவானது. பெரும்பாலும் வளர வளரத் தானே நின்றுவிடும்.

அதே ஒற்றைத் தலைவலிக் குடும்பத்தைச் சேர்ந்தது, முறைவைத்துத் திரும்ப வரும் சுழற்சி வாந்தி. லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1882-இல் இதை எழுதி வைத்தார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே மாதிரி, பலருக்கு விடியற்காலையில் தொடங்கும்; சில மணி நேரமோ சில நாளோ விடாமல் வாந்தி எடுக்கும்; பிறகு வாரக்கணக்கில் பிள்ளைக்கு ஒரு குறையும் இராது. தாய்க்கு ஒற்றைத் தலைவலி உண்டா, பஸ்ஸில் ஏறினால் பிள்ளை வாந்தி எடுக்குமா என்ற இரண்டு கேள்விகள் இங்கே உதவும். ஆனாலும் மற்ற காரணங்களை விலக்கிய பிறகே இந்தப் பெயரைச் சூட்டலாம்.

தானாக நிற்கும் நோயில், கடைசியாகச் செய்த வைத்தியத்துக்கே பெயர் கிடைக்கும். தென்மாவட்டங்களில் வாந்தி எடுக்கும் பிள்ளையைத் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வயிற்றில் வாயையோ குழலையோ வைத்து உறிஞ்சி, சிக்கியிருந்த சோறு என ஓர் உருண்டையைக் காட்டுவார்கள். தோலைத் தாண்டி இரைப்பையிலிருந்து எதுவும் வெளியே வராது. மறுநாள் பிள்ளை ஓடியாடினால் நம்பிக்கை உறுதிப்படுகிறது. ஒரு ஊசி, ஒரு பாட்டில் குளுகோஸ் என்று ஒவ்வொரு முறையும் அனுப்பி வைக்கும் மருத்துவமும் இந்த வகையில் தொக்கத்துக்கு அண்ணன்தான். இரண்டிலும் காரணம் தேடப்படுவதில்லை.

நோய் இல்லாத இடைவெளியில் எடுத்த சோதனைகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாந்தி நடக்கும்போதே, குளுகோஸ் ஏற்றுவதற்கு முன், இரத்தத்தில் சர்க்கரை, உப்புகள், அமிலநிலை, அம்மோனியா ஆகியவற்றையும் சிறுநீரில் கீட்டோனையும் பார்த்தால்தான் பிறவி வளர்சிதைக் கோளாறு சிக்கும். சிறுநீர் இறங்கும் பாதை விட்டுவிட்டு அடைபடும் பிள்ளைக்கு, வலி இருக்கும்போது எடுத்த ஸ்கேனில்தான் சிறுநீரக வீக்கம் தெளிவாகத் தெரியும். பெற்றோர் கையில் உள்ள நல்ல கருவிகள் இரண்டு: கண்ணும் நடையும் தெரியும்படி எடுத்த செல்போன் வீடியோ, சுவரில் தொங்கும் சிவகாசி மாதக் காலண்டர். வந்த நேரம், நீடித்த நேரம், முன்பு தின்றது, அன்று வயலில் நடந்தது என நான்கையும் தேதிக் கட்டத்தில் எழுதிவந்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஓர் ஒழுங்கு தென்படலாம்.

வயலைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, மிளகாய்க்குப் பூச்சிக்கொல்லி அடிப்பதை ஊரில் ‘மருந்து அடிப்பது’ என்றே சொல்வார்கள். ஆகவே ‘பிள்ளைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள்’ என்று மட்டும் கேட்கும் மருத்துவருக்கு இந்த மருந்து தெரியவராது. தெளிப்பான் வீட்டுக்குள் இருக்கிறதா, காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் வகையாக இருந்தால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் பெருகும். வேலியோரக் காட்டாமணக்கு விதை நிலக்கடலை போல ருசிக்கும். கடலைமிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் அதையும் தின்று பார்ப்பார்கள், வாந்தியும் வயிற்றுப்போக்குமாக விழுவார்கள். நஞ்சை மட்டுமன்றிப் பசியையும் நினைக்க வேண்டும்: பள்ளிப் பிரார்த்தனையில் மட்டும் சரிந்து விழுகிற பிள்ளையிடம் காலையில் சாப்பிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

தவறவிடக்கூடாதது மூளைக் கட்டி. தூங்கி எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, வாந்திக்குப் பின் சற்றுத் தேறுதல், தலையைச் சாய்த்தே வைத்தல், நேர்கோட்டில் நடக்க முடியாமை, மாறுகண் ஆகியவை வாரத்துக்கு வாரம் கூடினால் எம்.ஆர்.ஐ. தள்ளிப்போடத் தக்கதன்று. மூளையில் பன்றி நாடாப்புழுவின் இளம்புழுப் பருவம் தங்குவதும் தலைவலி, வாந்தி, வலிப்பாக வெளிப்படும். அதன் முட்டை கழுவாத கை, கழுவாத காய்கறி வழியாகப் பரவுவதால் சைவ வீடுகளிலும் காணப்படுகிறது. இரவுத் தூக்கத்தில் வாந்தியோடு கண் ஒருபக்கம் சொருகினால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். மூளை மின்பதிவு அதைக் காட்டிக்கொடுக்கலாம்.

பச்சை நிற வாந்தி, எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம், வலிப்பு, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாமை, பூச்சிமருந்து பட்டதாகச் சந்தேகம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். புறப்படும்போது பூச்சிமருந்து டப்பாவையும் அந்தக் காலண்டரையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.